ரேடியேட்டர் ஓட்டை: ஒட்டலாமா, மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 மாடல் வேகன்ஆர். போன மாதம் நீடாமங்கலம் பக்கம் போனபோது, ரோட்டில் பாதிவரை நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே பஸ் வந்ததால் ஒதுங்கினேன், கார் கல்மேல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து முன்பக்கம் அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் எல்லாம் சேர்த்து 11,800 ரூபாய் கேட்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக் 700 ரூபாயில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். பழசு ஒன்று 1,500-க்கு வாங்கித் தருவதாக மைத்துனர் சொல்கிறார். எதைச் செய்வது ஐயா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மூன்றும் வேண்டாம். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு முன்பக்கத்தைக் கழுவித் துடைத்து, தண்ணீரை நிரப்பி, பிரஷர் டெஸ்டர் வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. ஹோஸ் கிளிப் நெகிழ்ந்து ஒழுகினால் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

ரேடியேட்டரேதான் என்றால், ஒழுகுவது நடுவிலுள்ள அலுமினியக் குழாய் அடுக்கா (இதைத்தான் கோர் என்பார்கள்), ஓரத்திலுள்ள பிளாஸ்டிக் டேங்கா என்று கேளுங்கள். அம்பாசிடர் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருக்கும், ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். உங்கள் மெக்கானிக் அந்த நினைப்பில் சொல்கிறார் போலிருக்கிறது. இப்போதைய டேங்க் நைலான். வண்டி ஓடும்போது உள்ளே 90 டிகிரிக்கு மேல் சூடு, மூடி பிடித்து வைக்கும் அழுத்தமோ ஏறக்குறைய 1 பார், அதாவது டயருக்கு அடிக்கும் காற்றில் பாதி. டேங்க் சூட்டில் விரிந்து ஆறினால் சுருங்கும், மேலே பூசிய பசை அதோடு சேர்ந்து விரியாது. பட்டுக்கோட்டை போய்த் திரும்பும் வழியில் பிளந்துகொண்டால் 700 ரூபாயோடு போகாது. சூட்டில் என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்தால் செலவு பல மடங்கு.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்றும் யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். ஓட்டையை அடைக்கும் தூள், கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவலாம், அவ்வளவுதான்.

டேங்கை மட்டும் மாற்றும் வேலையும் உண்டு: கோரின் விளிம்பிலுள்ள பற்களை நிமிர்த்தி, புது ரப்பர் வளையம் வைத்து மறுபடி மடிப்பார்கள். நாலைந்து வருஷ வண்டிக்குச் செய்யலாம். பத்து வருஷம் தாண்டிய கோருக்கு அந்தக் கூலி வீண்.

மைத்துனர் சொல்லும் பழசு, முன்னால் இடிபட்ட வண்டியில் கழற்றியதாக இருக்கலாம். எந்த ஊர் போர் தண்ணீரைக் குடித்ததோ, உள்ளே உப்பு எவ்வளவு படிந்திருக்கிறதோ, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இரண்டு மூன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறி இறங்குவேன். பெயருள்ள கம்பெனியின் புது ரேடியேட்டரை வாங்கி உள்ளூர் மெக்கானிக்கிடமே மாட்டச் சொன்னால், சர்வீஸ் சென்டர் சொன்னதில் பெரும்பாலும் பாதிக்குள் முடிந்துவிடும். ஃபேன் சுற்றுகிறது, இறக்கை உடையவில்லை என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. மிச்சமாகும் காசில் புது மூடியும் கூலன்டும் வாங்குங்கள். கீழ் ஹோஸ் உப்பியிருந்தால் அதையும். ரேடியேட்டரை இறக்கியிருக்கும்போதே முன்னாலிருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் கழுவச் சொல்லுங்கள். அறுவடை ரோடுகளில் ஓடும் வண்டியில் வைக்கோல் தூசியும் பதரும் மெத்தை மாதிரி அடைந்திருக்கும்.

பில் கட்டாயம் வாங்குங்கள், பாகத்தின் எண்ணும் வாரண்டி மாதமும் அதில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பழைய 28 சதவீதத்தைப் போட்டிருந்தால் விடாதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், பழைய ரேடியேட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்குக் காயலான் கடையில் விலை உண்டு.

கேள்வி: லாரி தெறித்த கல்லில் ரேடியேட்டர் போய்விட்டது. இன்சூரன்ஸ் கேட்கலாமா? கார் வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: முழுக் காப்பீடு இருந்தால் கேட்கலாம். ஆனால் கணக்குப் பாருங்கள் அம்மா. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுத்திராவிட்டால் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிப்பார்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு உலோகத்துக்கும் பாதி. 1,500 சிசி வரை நீங்கள் கட்ட வேண்டிய 1,000 ரூபாய் தனி. கிளெய்ம் வாங்காமல் சேர்த்து வைத்த போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் அதுவும் போகும். ஐயாயிரம் ரூபாய் செலவுக்கு இது கட்டாது. ஒழுகுவது தெரிந்தும் ஓட்டி என்ஜின் பழுதானால் அந்தச் செலவுக்கு இன்சூரன்ஸை நம்பாதீர்கள்.