கவுட் மூட்டுவலிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிவதால் வருவது கவுட். டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த அமிலம் முழுதாகக் கரைந்திருக்க முடியாது. சர்க்கரைப் பாகு ஆற ஆறக் கற்கண்டு கட்டுவதைப் போல, உடலில் சூடு குறைந்த இடமான கால் பெருவிரலில்தான் பெரும்பாலும் முதலில் படியும். நள்ளிரவில் விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும்.

பியூரின் என்ற பொருள் சிதைந்துதான் யூரிக் அமிலம் உண்டாகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலே தயாரிப்பது, மீதிதான் சாப்பாட்டிலிருந்து. ஈரல் முதலான உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி ஆகியவற்றில் பியூரின் அதிகம். பியர் இரட்டைக் கேடு: அதில் பியூரினும் உண்டு, ஆல்கஹால் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றுவதையும் குறைக்கிறது. பலர் சந்தேகிக்காத ஆள் குளிர்பானம். அதன் சர்க்கரையிலுள்ள ஃப்ரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போதே யூரிக் அமிலம் கூடும்.

கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் உதவும். எடையைக் குறைப்பதும் நல்லதே, ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் வலி கிளம்பிவிடும். பத்தியத்தால் மட்டும் ரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவது பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுதான். 9 இருப்பவர் 6-க்குக் கீழே வர மாத்திரையும் வேண்டும்; நிறுத்துவதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பருப்பையும் கீரையையும் ஒதுக்கச் சொல்வார்கள்; அவற்றில் பியூரின் இருந்தாலும் கவுட் அபாயத்தை அவை கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.