பாழ்பட்ட ஆலை நிலமும் பொதுப் பணமும்: கேள்வி பதில்

கேள்வி: மூடிக் கிடக்கும் ரசாயன ஆலை நிலத்தை வாங்கி வீடு கட்டலாம் என்று ஒரு நகராட்சி யோசிக்கிறது. சுத்தம் செய்ய மானியம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கலாம். ஆனால் மண்ணைப் பரிசோதிக்காமல் பத்திரம் முடிக்காதீர்கள். அமெரிக்காவில் 2002-இல் வந்த சட்டம், வாங்கும் முன் நிலத்தின் வரலாற்றை முறையாக விசாரித்தவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. விசாரிக்காமல் வாங்கியவர் தலையில் பழைய கழிவின் பொறுப்பும் விழக்கூடும். பொறுப்பாளி ஆகிவிட்டால் மானியக் கதவும் மூடிவிடும்.

கேள்வி: கிடைக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: ஆய்வில். துப்புரவுக்கான மானியம்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆய்வு மானியத்தைக் கேட்பவர் குறைவு. மண் மாதிரி எடுக்க எங்கே துளையிடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிய தொட்டிக்கு அடியில், தரைக்குள் ஓடும் கழிவுக் குழாயின் இணைப்புகளில், லாரியில் பீப்பாய் ஏற்றி இறக்கிய இடத்தில் துளையிட வேண்டும். அந்தத் தொட்டிகளில் இருந்த குளோரின் கலந்த கரைப்பான்கள் தண்ணீரை விடக் கனமானவை. நிலத்தடி நீரையும் தாண்டி இறங்கி, களிமண் அடுக்கின் மேல் தேங்கிவிடும். மேலாக ஓரடி மண்ணை அள்ளிப் பார்த்து 'சுத்தம்' என்று சான்றிதழ் கொடுத்தால் அதை நம்பாதீர்கள்.

கேள்வி: கெடுத்தவன் இருக்க, மக்கள் வரிப்பணம் எதற்கு? இது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான். நியூயார்க் மாநிலத்தின் லவ் கால்வாயைப் பாருங்கள். ஒரு ரசாயன நிறுவனம் 1942 முதல் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953-இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் விற்றது. அதன் மேல் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கொதிப்பில் 1980-இல் பிறந்ததுதான், நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான 'சூப்பர்ஃபண்ட்' சட்டம். பெட்ரோலிய, ரசாயனத் தொழில்கள் மீது வரி போட்டு நிதி திரட்டினார்கள். 1995 இறுதியில் அந்த வரி காலாவதியானது. அதன் பிறகு பொது வரிப்பணம்தான் பெருமளவு சுமையைத் தாங்கியது. ரசாயன வரி திரும்பி வர 2022 ஆனது. கெடுத்த தொழிலே கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் திவாலாகிக் கலைந்துபோன நிறுவனத்திடம் எதை வசூலிப்பீர்கள்?

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் தப்பிக்க விடலாம் என்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. அரசு முதலில் செலவழிக்கட்டும், பிறகு விரட்டி வசூலிக்கட்டும். சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, அரசின் உத்தரவைத் தக்க காரணமின்றி மதிக்காத பொறுப்பாளியிடம் செலவைப் போல மூன்று மடங்கு வரை தண்டனைத் தொகை கேட்கலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் காத்திருக்காது. போபால் ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு, அதை எரிக்கும் ஆலை உள்ள பிதாம்பூருக்குக் கிளம்பியது 2025 ஜனவரியில்; விபத்து நடந்ததோ 1984-இல். அதுவும் மேலே சேர்த்து வைத்திருந்த கழிவு மட்டும்தான். மண்ணில் ஊறியது அங்கேயே இருக்கிறது. யார் கட்டுவது என்ற தகராறில் இரண்டு தலைமுறை அந்த நீரோடு வாழ்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டோம். இனி பரிசோதிக்கலாமா?

பதில்: பத்திரத்துக்கு முன் பரிசோதியுங்கள். முதல் பதிலிலேயே இது இருக்கிறது.

கேள்வி: செடி நட்டே சுத்தம் செய்யலாமாமே?

பதில்: வேர் போகும் ஆழம் வரைதான், அதுவும் பல வருடம் பிடிக்கும். உலோகத்தை உறிஞ்சிய செடியையும் கழிவாகவே அப்புறப்படுத்த வேண்டும்.

கேள்வி: ஆலைக்கு அருகில் வசிப்பதால் தோலில் அரிப்பு. என்ன மருந்து?

பதில்: மருத்துவரைப் பாருங்கள், ஆலை பக்கத்தில் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பூங்காவா, வீடா?

பதில்: இதை முடிவு செய்யாமல் மதிப்பீடே போட முடியாது. சியாட்டிலில் 1956-இல் மூடிய எரிவாயு ஆலை 1975-இல் பூங்காவாகத் திறந்தது. மாசின் மேல் நல்ல மண்ணைப் பரப்பி 'மண் மூடி' போட்ட திறந்தவெளியில் மக்கள் சில மணி நேரம்தான் இருப்பார்கள். வீடென்றால் கரைப்பான் ஆவி தரை விரிசல் வழியே படுக்கையறைக்குள் வரும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்தில் தகராறே எவ்வளவு சுத்தம் செய்தால் போதும் என்ற அளவைப் பற்றித்தான்: கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் போதும் என்றது நிறுவனம், பக்கத்திலேயே சோலைக்காடு இருக்கிறது, அது போதாது என்றார்கள் போராடியவர்கள். நான் போராடியவர்கள் பக்கம்.

கேள்வி: நிலம் வாங்கப் போகிறோம், முதலில் என்ன செய்ய...

பதில்: மண் பரிசோதனை. பத்திரத்துக்கு முன்.

கேள்வி: மானியம் வந்து, மண் மூடியும் போட்டாயிற்று. அதோடு முடிந்ததா?

பதில்: முடியாது. மூடியைப் போட மானியம் கிடைக்கும். பல்லாண்டு அதைக் காக்கப் பெரும்பாலும் கிடைக்காது. யாராவது குழாய் பதிக்கத் தோண்டினால் போட்ட பணம் போச்சு. அதனால் கண்காணிப்புக் கிணறுகளுக்கும் பராமரிப்புக்கும் தனி வைப்பு நிதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தோண்டக் கூடாது என்ற நிபந்தனையை நிலப் பத்திரத்திலேயே பதிவு செய்யுங்கள்.