வீட்டைப் பார்க்கும் முன் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்

கேள்வி: ஆறு வாரத்தில் ஒரு புது நகரத்தில் வேலைக்குச் சேர வேண்டும். மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், மகளுக்கு 6 வயது. மூன்று பகுதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகை அதிகம், வீடு சின்னது. ரயில் பாதையில் நடுவழியில் ஒன்று, எல்லாமே நடுத்தரம். ஊருக்கு வெளியே மூன்றாவது, பெரிய வீடு, வாடகை ஏறக்குறைய பாதி. அங்கே யாரையும் தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது? ஆன்லைனில் பார்த்தே அட்வான்ஸ் கட்டிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். இல்லாத வீட்டின் படத்தைப் போட்டு, வாடகையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, "இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே அனுப்பினால் உங்களுக்கு" என்று அவசரப்படுத்தும் மோசடி எல்லா ஊரிலும் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டுக்காரர் தங்கமான மனிதராகவே இருந்தாலும் படத்தில் தெரிவது வீடு மட்டும்தான். தெரு தெரியாது, அந்தத் தெரு காலை எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பது சுத்தமாகத் தெரியாது.

நேரில் பார்த்தாலும் ஏமாறலாம், நானே ஏமாந்திருக்கிறேன். வேலை மாறி வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதைத் தொழிலாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு வீட்டைப் பார்த்தேன். மரம், நிழல், அமைதி, எதிரே மூடிய ஷட்டர் போட்ட ஒரு நீளமான கட்டடம். அரை மணி நேரத்தில் சரி சொல்லிவிட்டேன். குடிவந்த மறுநாள் விடிகாலை நாலரைக்கு அந்த ஷட்டர் திறந்தது. அது ஒரு சரக்குக் கிடங்கு. லாரி பின்பக்கமாக வரும்போது பீப் பீப் என்று ஒரு சத்தம் போடுமே, அது ஆறரை வரைக்கும் ஓயாது, வாரத்தில் ஆறு நாள். லீவு விட்டிருந்த ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பதினோரு மாதம் அந்த பீப்தான் எனக்கு அலாரம்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படி?" என்பதுதான். எத்தனை படுக்கையறை என்பதெல்லாம் பிறகு. ஒரு சாதாரண வேலை நாளில் யார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், குழந்தையை யார் விடுவது, யார் கூட்டி வருவது, வீட்டில் இருப்பவருக்கு மதியம் ஒரு மருந்து வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை மூன்று பகுதிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தானாகவே கழன்றுவிடும்.

உங்கள் விஷயத்தில் கழலப்போவது மூன்றாவது என்று நினைக்கிறேன். ஆனால் பாதி வாடகை என்பது சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நடுப்பகுதியைவிட அங்கிருந்து போக ஒரு வழிக்கு 35 நிமிடம் கூடுதல் என்று வையுங்கள். போக வர 70. மாதம் 22 வேலை நாள் என்றால் 1,540 நிமிடம், அதாவது 25 மணி 40 நிமிடம், ஒரு முழு நாளுக்கும் மேலே. இப்போது மிச்சமாகும் வாடகையில் கூடுதல் பயணச் செலவைக் கழித்துவிட்டு (சொந்த வண்டி என்றால் எரிபொருளோடு பார்க்கிங்கும் தேய்மானமும் சேரும்) மீதியை 25 ஆல் வகுங்கள். வருகிற தொகைக்குத்தான் உங்கள் ஒரு மணி நேரத்தை விற்கிறீர்கள். போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும்போது சொந்தப் பயண நேரத்துக்கு ஒரு மணி நேரச் சம்பளத்தில் சுமார் பாதியை மதிப்பாக வைப்பது வழக்கம், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலும் அப்படித்தான். உங்களுக்கு வரும் தொகை அந்தப் பாதிக்கும் கீழே என்றால் பெரிய வீடு மலிவு இல்லை. நன்றாக மேலே என்றால் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

"பழகிவிடும்" என்று பலர் சொல்வார்கள். அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற இரண்டு சுவிஸ் பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து இதைச் சோதித்து 2008இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பொருளாதாரப் பாடத்தின்படி பார்த்தால், தூரத்தில் இருப்பவருக்கு மலிவு வாடகையோ நல்ல சம்பளமோ அந்த அலைச்சலை ஈடுகட்டியிருக்க வேண்டும். ஆனால் பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம், இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் சொன்னது: மனிதர்கள் எந்த வாகனத்தில் போனாலும் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். இது சராசரிதான், சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போக அரை மணி, வர அரை மணி என்ற அளவைத் தாண்டும்போது ஒரு தடவை யோசியுங்கள், ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் இரண்டு தடவை.

எல்லா நிமிடமும் ஒன்றல்ல. ரயிலில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டு போகிற 40 நிமிடம் வேறு, சிக்னலுக்குச் சிக்னல் கியர் மாற்றிக்கொண்டு போகிற 40 நிமிடம் வேறு. அதேபோல பஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேளுங்கள். நேரம் பார்க்காமல் போய் நின்றால் சராசரியாக அந்த இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 5, அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் 15. இரண்டும் மாறிப் போக வேண்டும் என்றால் ஒன்றைத் தவறவிட்ட நாளில் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். "ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்" என்று புரோக்கர் சொன்னால் எதில் போனால் பத்து நிமிடம் என்று கேட்டுவிடுங்கள். நடந்து பத்து நிமிடம் என்றால் சுமார் 800 மீட்டர், அதை மேப்பில் அளந்துவிடலாம்.

மேப் ஆப்பில் பார்க்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. இரவு பத்து மணிக்குச் சோபாவில் உட்கார்ந்து தேடினால் அது இரவு பத்து மணிக் கணக்கைத்தான் காட்டும். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள், மாலை திரும்பி வருவதைத் தனியாகப் பாருங்கள். காரில் 30 முதல் 55 நிமிடம் என்று காட்டினால் 55ஐ எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டிய நாளில் அதை வைத்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

வாடகை பற்றி ஒரு வார்த்தை. சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். இது அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் இருந்து வந்த அளவு. 1969இல் அங்கே வாடகைக்கு வருமானத்தில் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள், 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அதில் பயணச் செலவு வராது. வாடகையும் பயணமும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்ப்பது இதைவிட நேர்மையான கணக்கு என்பது என் கருத்து. மூன்றாவது பகுதிக்கும் முதல் பகுதிக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் சட்டென்று சுருங்குவதைப் பார்ப்பீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். மனைவி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். அப்படியென்றால் அந்தப் பகுதியில் முழு நாளும் வாழப்போகிறவர் அவர், நீங்கள் அங்கே தூங்க வருகிறவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம்தான் இருக்க வேண்டும். பகலில் இணையம் எப்படி, போன் சிக்னல் அறைக்குள் வருகிறதா (வாசலில் நான்கு கோடு, படுக்கையறையில் ஒன்றுமில்லை என்பது சாதாரணம்), பக்கத்தில் காலி மனை இருக்கிறதா என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் முக்கியம். காலி மனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கட்டத் தொடங்கிவிட்டால் ஒன்று இரண்டு வருடம் டிரில்லிங் சத்தத்தோடுதான் அவர் மீட்டிங் பேச வேண்டியிருக்கும்.

வீட்டை முடிவு செய்வதற்கு முன்பே மகளின் பள்ளியை முடிவு செய்யுங்கள். பல நகரங்களில் எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று எல்லை வகுத்திருப்பார்கள், அந்தக் கோடு ஒரு தெருவின் நடுவில்கூட ஓடும். அப்படி எல்லை இல்லாத ஊரிலும் இடம் காலி இருக்க வேண்டும். வீட்டை மாற்றுவதைவிடப் பாதி வருடத்தில் பள்ளியை மாற்றுவது கஷ்டம்.

அப்புறம் நேரில் போகும்போது என்ன பார்ப்பது. வீட்டுக்குள் இருக்கும் நேரத்தைவிடத் தெருவில் இருக்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும். மழைத்தண்ணீர் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிடும். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே நேர்கோடாகப் பழுப்புக் கறை ஓடுகிறதா, பழைய வீடுகளில் மின் மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே மாட்டிய தடம் இருக்கிறதா, வாசலில் புதிதாக ஒரு படி ஏற்றிக் கட்டியிருக்கிறார்களா, கடை ஷட்டருக்கு முன்னால் அரை அடிக்குச் சிமெண்டுத் தடுப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அது அந்த வீட்டின் கதை. வரிசையாக நான்கு வீட்டில் இருந்தால் அந்தத் தெருவில் தரைத்தளம் எடுக்காதீர்கள், தண்ணீர் வடியும் வரை வெளியே போக முடியாது என்பதால் மேல்தளத்தையும் யோசித்தே எடுங்கள்.

இரவுச் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு ஒரு பரிந்துரை கொடுத்தது: சாலைப் போக்குவரத்தின் சத்தம் இரவு நேரச் சராசரியில் 45 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லது. போன் ஆப்பை வைத்து அந்த எண்ணைச் சரியாகப் பிடிக்க முடியாது, ஆனால் ஒரே போனில் இரண்டு வீட்டையும் ஒப்பிட முடியும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு தடவை, மூடி வைத்து ஒரு தடவை.

பாதுகாப்புக்கு, இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நடந்து பாருங்கள், முடிந்தால் மனைவியும் கூட வரட்டும், உங்கள் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும். விளக்கு எரிகிறதா, ஏதாவது கடை திறந்திருக்கிறதா, பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா. குற்ற எண்ணிக்கையை மேப்பில் போட்டுக் காட்டும் ஊர்களில் அதையும் பார்க்கலாம், ஆனால் வெளியாட்கள் நிறைய வந்து போகும் கடைத்தெருவில் எண்ணிக்கை இயல்பாகவே கூடும், அதை அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

புது அலுவலகத்தில் யாரையாவது தெரிந்துகொண்டால் "எந்த ஏரியா நல்லது?" என்று கேட்காதீர்கள், அவரவர் இருக்கும் ஏரியாவைத்தான் சொல்வார்கள். "போன மாதம் உங்கள் ஏரியாவில் எரிச்சலான விஷயம் என்ன?" என்று கேளுங்கள். அதற்குத்தான் நிஜமான பதில் வரும். அதுவும் சின்னக் குழந்தை இருப்பவரிடம் கேளுங்கள், தனியாக இருக்கும் இளைஞரின் நல்ல ஏரியா உங்களுக்கு உதவாது.

ஆறு வாரத்தில் இதையெல்லாம் எப்படி முடிப்பது? முடியாது, முடிக்கவும் வேண்டாம். முதல் ஒரு மாதத்துக்குச் சாமான்களோடு இருக்கும் தற்காலிக வீடு ஒன்றை எடுங்கள், அந்த ரயில் பாதையிலேயே. நாள் கணக்கில் பார்த்தால் விலை அதிகமாகத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கட்டாயத் தங்கல் காலம் இருக்கும்போது மூன்றாம் மாதமே காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு போகும், சாமான் ஏற்றி இறக்க இரண்டாம் தடவை எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஒரு மாதம் மலிவாகத்தான் முடியும். நீங்கள் மட்டும் முதலில் போய்விட்டு, பள்ளி உறுதியானதும் அவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த மாதத்தில் மூன்று பகுதியிலிருந்தும் தலா ஒரு வேலை நாள் காலையாவது அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். விடிகாலையில் மூன்றாவது பகுதிக்குப் போய் அங்கிருந்து கிளம்புவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு நாளே இப்படி அலுப்பாக இருக்கிறதே என்று தோன்றினால் அதுதான் பதில்.

இப்போதைக்கு என் சாய்வு நடுப்பகுதிக்கு, பள்ளி அங்கே கிடைத்தால். பள்ளி கிடைக்காவிட்டால் முதல் பகுதியின் சின்ன வீடு. முதல் ஒப்பந்தம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது, முன்கூட்டிக் காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடப் போகும் அன்று காலை எட்டு மணிக்கு, எல்லா வீட்டிலும் குளிக்கும் நேரத்தில், மேல்தளக் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிடுங்கள்.