பேய்க்கு எதற்கு கிதார்?

(வாசகர் கேள்வி – பதில்)

திகில் படங்களுக்கு ராக் இசை நன்றாகவே பொருந்தும் என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். ஒப்புக்கொண்டவர்களைவிடச் சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம். வந்த கடிதங்களில் சில:

ராக் என்றால் சத்தம், ஆட்டம், கொண்டாட்டம். பயத்துக்கு மௌனம் அல்லவா வேண்டும்? கிதாரை அலறவிட்டால் பேய்தான் பயந்து ஓடும்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

ஓடினால் நல்லதுதானே சார்! ஆனால் ராக்கை டிரம்ஸ் அடியோடும் கிதார் அலறலோடும் நிறுத்திவிட்டீர்கள். வாசிப்பவர்கள் 'ரிஃப்' என்று ஒன்றைச் சொல்வார்கள். சில சுரங்களே கொண்ட சின்னத் துண்டு. அதையே விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது. மேடையில் வாசித்தால் கூட்டம் ஆடும். யாருமில்லாத தெருவைக் காட்டிக்கொண்டு அதையே வாசித்தால், இது எப்போது நிற்கும் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிடும். நிற்கிற வழியாகத் தெரியவில்லை என்றதும் வயிற்றைப் பிசையும். பயம் அங்கேதான் இருக்கிறது, சத்தத்தில் இல்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தபோது 'எக்ஸார்சிஸ்ட் மியூசிக்' கேட்டு வருகிறவர்கள் உண்டு. பேய் பிடித்த சிறுமியைப் பற்றிய படம் 'எக்ஸார்சிஸ்ட்'. பதிவு செய்து கொடுத்தால், "அண்ணே, இதுல பேயே இல்லையே, பியானோதான் ஓடுது" என்று கேசட்டோடு திரும்பி வருவார்கள். வாஸ்தவம்தான். அது மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர், பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவு செய்த 'ட்யூபுலர் பெல்ஸ்'. பதிவின்போது அவருக்கு 19 வயது. 1973 மே மாதம் வந்த அந்த இசைத்தட்டுதான் வர்ஜின் நிறுவனத்தின் முதல் வெளியீடு. பேய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. படத்தின் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின், லாலோ ஷிஃப்ரின் எழுதிக் கொடுத்த பின்னணி இசையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு இதை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் டிசம்பரில் படம் வந்தது.

அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். பேய் பிடித்த அந்தச் சிறுமியின் அம்மா தெருவில் நடந்து வீட்டுக்கு வருகிறாள். இலையுதிர் காலம், வேஷம் போட்ட குழந்தைகள் ஓடுகிறார்கள், கன்னியாஸ்திரிகளின் அங்கி காற்றில் படபடக்கிறது. அவ்வளவுதான் காட்சி. கட்டிலருகே பாதிரியார்கள் போராடும்போது இந்த பியானோ எட்டிக்கூடப் பார்க்காது. நீங்கள் கேட்ட மௌனத்தை அங்கேதான் வைத்திருக்கிறார்.

மிருதங்கம் கற்கிறேன். 'ஹாலோவீன்' படத்தின் இசை ஐந்து எண்ணிக்கையில் வருவதால்தான் பயமுறுத்துகிறது என்று படித்தேன். நாங்கள் கண்ட சாபு வாசிக்கிறோம், யாரும் பயந்ததாகத் தெரியவில்லையே?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான் தம்பி. அந்தப் படத்தின் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒருவரே, ஜான் கார்பென்டர். அப்பா இசைப் பேராசிரியர். பையனாக இருந்தபோது பாங்கோஸில் அவர் கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைதான் 1978இல் பியானோவுக்கு வந்து சேர்ந்தது. ஐந்தை இரட்டித்துப் பத்தாக எண்ணிப் பார். தகிட தகிட தக தக என்று சரியாக உட்காரும். முழு இசையும் மூன்றே நாளில் முடிந்த வேலை. அதற்கு முன்னால், இசை சேர்க்காத பிரதியை ஸ்டுடியோக்காரப் பெண்மணி ஒருவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. இசையைக் கொண்டுதான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்புறம்தான் முடிவு செய்தாராம்.

உன் கேள்விக்கு வருகிறேன். கச்சேரியில் ஐந்து வந்தாலும் ஏழு வந்தாலும் தாளம் போடும் கை இருக்கிறது. முன்வரிசை மாமா தொடையில் போட்டுக்கொண்டிருப்பார். நீ எங்கே போய்ச் சுற்றினாலும் கோர்வை முடிந்து, தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து விழுவாய் என்று சபைக்குத் தெரியும். விழுந்ததும் தலையாட்டல், கைதட்டல். கார்பென்டரிடம் கோர்வையும் இல்லை, தீர்மானமும் இல்லை. கொஞ்ச நேரம் ஓடும், அரை சுரம் கீழே இறங்கி அதையே மறுபடி ஆரம்பிக்கும். தலையாட்ட இடமே தராது. 'ட்யூபுலர் பெல்ஸ்' ஆரம்பத்தையும் எண்ணிப் பார்: ஏழும் எட்டுமாகப் பதினைந்து. எட்டு எட்டாகக் கேட்டுப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண் காணாமல் போகும்.

கார்பென்டர் இசை ராக்கா என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கறாராகப் பார்த்தால் இல்லை. ஆனால் அதே படத்தில் தோழிகள் காரில் போகும்போது ரேடியோவில் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவின் 'டோன்ட் ஃபியர் த ரீப்பர்' மெலிதாக ஓடும். சாவைக் கண்டு பயப்படாதே என்கிற பாட்டு. கொலைகாரன் பின்னால் காரில் வந்துகொண்டிருக்கிறான்.

கோப்ளின் என்ற இத்தாலியக் குழுவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாக எழுதக்கூடாதா?
– ஒலிப்பதிவு பயிலும் மாணவி, வடபழனி

எழுதாமல் எப்படி? மற்ற பதில்களின் பக்கத்தைச் சுருக்கியாவது எழுதுகிறேன்.

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ 1975இல் 'ப்ரொஃபோண்டோ ரொஸ்ஸோ' என்ற திகில் படத்தை எடுத்தபோது முதலில் இசையமைக்க வந்தவர் ஜாஸ் கலைஞர் ஜார்ஜியோ கஸ்லினி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அர்ஜென்டோவுக்கு ராக் குழுதான் வேண்டும், பிங்க் ஃப்ளாய்ட் வரைக்கும் ஆசைப்பட்டார். கடைசியில் கிடைத்தவர்கள் சினிவாக்ஸ் நிறுவனத்தில் இசைத்தட்டு போட முயன்றுகொண்டிருந்த உள்ளூர் இளைஞர்கள். கீபோர்டில் க்ளாடியோ சிமொனெட்டி, கிதாரில் மாஸிமோ மொரான்டே, பேஸில் ஃபாபியோ பிஞாடெல்லி. கோப்ளின் என்று பெயரை மாற்றிக்கொண்டு அவசர அவசரமாக வாசித்துக் கொடுத்தார்கள். கிதார் சன்னமாக ஒரு சுற்றைப் பின்ன, அதன்மேல் மாதாகோயில் ஆர்கன் இடிபோல வந்து இறங்கும். ஓல்ட்ஃபீல்டின் சாயல் தெரியும், மறுக்க முடியாது. இசைத்தட்டு இத்தாலியில் முதலிடம் பிடித்தது. கஸ்லினியை முழுதாக விட்டுவிடவும் இல்லை. கொலைக்கு முன்னால் கேட்கும் அந்தக் குழந்தைத் தாலாட்டு அவருடையது.

அடுத்தது 1977இல் 'சஸ்பீரியா'. ஒலிப்பதிவு படிக்கிறீர்கள், இதை உட்கார்ந்து பாடமாகவே பார்க்கலாம். இசையின் ஒரு பகுதியைப் படப்பிடிப்புக்கு முன்பே தயார் செய்து, செட்டில் சத்தமாக ஓடவிட்டு நடிக்க வைத்திருக்கிறார் அர்ஜென்டோ. குரல் பதிவு கெடாதா என்று கேட்பீர்கள். இத்தாலியில் அப்போது வசனத்தைப் பிறகு டப்பிங் செய்வதுதான் வழக்கம், அதனால் செட்டில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் கவலை இல்லை. நடிகர்களின் முகத்தில் தெரியும் அந்த அரண்ட பார்வையில் கோப்ளினுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

முதல் காட்சியை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாருங்கள். நடனம் கற்க வந்த பெண் விமான நிலையத்திலிருந்து வெளியே நடந்து வருகிறாள். தானியங்கிக் கதவு திறக்கிறது, இசை கேட்கிறது. கதவு மூடுகிறது, இசை நின்றுவிடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி கேட்கிறது. பின்னணி இசை என்றால் படம் பார்க்கிற நமக்கு மட்டும் கேட்பது என்றுதானே பழகியிருக்கிறோம்? இங்கே அது மழையோடு மழையாக வெளியே நின்றுகொண்டிருக்கிறது, அவள் வருவதற்காக. மிக்ஸிங்கில் ஏற்றி இறக்கிய வேலைதான். பெரிய செலவு எதுவும் இல்லை.

வாத்தியங்களைக் கேளுங்கள்: கிரேக்க பூஸூக்கி, மூக் சிந்தசைசர், நம்ம ஊர் தபலாவும் உண்டு. அவற்றின் மேல் 'லா லா லா' என்று கரகரத்த ஒரு கிசுகிசுப்பு. நடுவில் 'சூனியக்காரி!' என்று ஆங்கிலத்தில் ஒரு கத்தல். கதாநாயகி படம் முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்கப்போகிற ரகசியத்தைப் பாட்டு தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறது! இது குறை என்று சொல்கிற விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை, அதுவே போதும்.

இன்னொரு வீட்டுப்பாடம். ஜார்ஜ் ரோமெரோவின் 1978ஆம் வருடத்து படமான 'டான் ஆஃப் த டெட்' முக்கியமாக இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஐரோப்பாவுக்காக அர்ஜென்டோ வெட்டிய வடிவத்தில் கோப்ளின் நிறைந்திருக்கும். ரோமெரோவின் வடிவத்தில் கோப்ளினைக் குறைத்து, ஆயத்தமாகக் கிடைக்கும் லைப்ரரி இசையை நிறையச் சேர்த்திருப்பார். ஒன்றில் ஓட்டம் அதிகம், மற்றதில் கிண்டல் அதிகம். அடுத்தடுத்துப் பாருங்கள்.

'சாத்தானின் சுரம்' ஒன்று இருக்கிறதாம், திருச்சபை அதற்குத் தடை போட்டதாம், ப்ளாக் சப்பாத் அதை வைத்துத்தான் பாட்டு செய்தார்களாம். உண்மையா?
– மருந்துக்கடை உரிமையாளர், நாகர்கோவில்

தடை கட்டுக்கதை. இரண்டு சுரங்களுக்கு நடுவே பழைய இசை ஆசிரியர்கள் தவிர்க்கச் சொன்ன ஓர் இடைவெளி அது, அவ்வளவே. இங்கிலாந்து ராக் குழுவான ப்ளாக் சப்பாத் பயன்படுத்தியது உண்மை. பர்மிங்ஹாமில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு தியேட்டர். அங்கே மாரியோ பாவா இயக்கிய திகில் படம் ஓடியது, காசு கொடுத்துப் பயப்பட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் படத்தின் ஆங்கிலப் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, ராக் திகில் படத்துக்குள் போவதற்கு முன்பே திகில் படம் ராக்குக்குள் வந்துவிட்டது. முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை.

அந்தப் பாட்டின் மூன்று சுரத்தை நம் கணக்கில் சொன்னால் ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம், பிரதி மத்திமம். அதே பிரதி மத்திமம் கல்யாணியில் இருக்கிறது. கல்யாணி கேட்டு யாருக்காவது காய்ச்சல் வந்ததுண்டா? கல்யாணியில் மத்திமத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சமம் காத்திருக்கிறது. ப்ளாக் சப்பாத்தின் டோனி அயோமியின் கிதார் பஞ்சமத்துக்குப் போகாமல் மத்திமத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும், பிறகு மறுபடி முதலிலிருந்து.

1980களின் பேய்ப்படங்களில் ஹெவி மெட்டல் பாட்டுகள் ஏன் அத்தனை?
– பேருந்து நடத்துநர், சேலம்

வியாபாரம். பாட்டு வீடியோ சேனலான எம்டிவி 1981இல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு பேய்ப்படம் பார்க்கிற பையனும் மெட்டல் கேசட் வாங்குகிற பையனும் ஒரே ஆள். அவனிடம் இரண்டு முறை காசு வாங்கலாம். 'ஃப்ரைடே த 13த்' ஆறாம் பாகத்துக்கு ஆலிஸ் கூப்பர் பாடினார், 'எல்ம் ஸ்ட்ரீட்' மூன்றாம் பாகத்துக்கு டாக்கன் குழு.

என் அர்ஜென்டோவே இதில் வழுக்கினார். 1985இல் வந்த 'ஃபினாமினா'வில் அயர்ன் மெய்டனும் மோட்டர்ஹெட்டும் உண்டு. வெள்ளைத் துணி போர்த்திய உடலைத் தள்ளிக்கொண்டு போகிற காட்சிக்கு மோட்டர்ஹெட் பாட்டு. மோட்டர்ஹெட் பாடகர் லெம்மியின் குரல் எனக்கு உயிர். ஆனாலும் அந்த இடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் போலத்தான் கேட்கிறது.

ஒன்று மட்டும் ரசித்தேன். ராக் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1985இல் அமெரிக்க செனட்டிலேயே விசாரணை நடந்தது. மறு வருடம் வந்த 'ட்ரிக் ஆர் ட்ரீட்' படத்தில், ராக் இசையைக் கண்டித்துத் தொலைக்காட்சியில் பேசும் போதகர் வேஷத்தில் ப்ளாக் சப்பாத்தின் முன்னாள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன்!

கொடூரமான காட்சிக்கு இனிமையான பாட்டு போடுவது எதற்கு?
– தையல் கலைஞர், கோவில்பட்டி

ஜான் லாண்டிஸின் 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) பார்த்திருப்பீர்கள். நாயகன் வீட்டில் பொழுதுபோகாமல் திரியும்போது க்ரீடன்ஸ் குழுவின் 'பேட் மூன் ரைஸிங்' துள்ளலாக ஓடும். எலும்பு முறிந்து ஓநாயாக மாறும்போது சாம் குக் குழைந்து 'ப்ளூ மூன்' பாடுவார். அது ராக் இல்லை, போகட்டும். அவன் தரையில் துடிக்கிறான், பாடகருக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை. அலறும் வயலின் என்றால் நம்மோடு சேர்ந்து பதறியிருக்கும்.

தமிழ்ப் பேய்ப்படங்களில் இதெல்லாம் ஏன் நடக்கவில்லை?
– வங்கி ஊழியர், புதுச்சேரி

நம் பேய் சொந்தமாகப் பாடும். 1966இல் வந்த 'யார் நீ' படத்தின் 'நானே வருவேன்' நினைவிருக்கிறதா? வேதா இசை, பி.சுசீலா குரல். வெள்ளைப் புடவையும் சுசீலாவும் இருக்கும்போது கிதார்காரருக்கு என்ன வேலை? மறு கோடிக்கும் போயிருக்கிறோம். கௌதம் மேனன் 2011இல் 'நடுநிசி நாய்கள்' படத்தைப் பின்னணி இசையே இல்லாமல் எடுத்தார். நடுவில் இருக்கிற இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

ஐயா, பத்தாவது படிக்கும் என் மகன் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் எழுதுகிற இந்தப் பேய்ப் பாட்டுகளைத்தான் கேட்கிறான். கெட்டுப் போய்விடுவானா?
– இல்லத்தரசி, கரூர்

கெட மாட்டான் அம்மா. ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், காது கெட்டால் திரும்ப வராது. பரீட்சை முடிகிறவரை 'சஸ்பீரியா' படத்தைப் பற்றி மட்டும் அவனிடம் வாய் திறக்க வேண்டாம்.