டெல்லிக்குப் போங்கள், கையில் ஒரு கேள்வியோடு போங்கள்

கேள்வி: அக்கா, நான் சின்னாளபட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் பதினொரு பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறேன். ஜனவரி கடைசியில் டெல்லி மண்டி ஹவுஸ் பக்கம் சிறுவர் நாடகத்துக்காக ஐந்து நாள் மாநாடு நடக்கிறது, எனக்கும் இடம் கிடைத்திருக்கிறது. தங்க இடம் தருகிறார்கள், பயணச் செலவு நம்முடையது. இந்தி தெரியாது, ஆங்கிலம் சுமார். “பிள்ளைகளை ஆட வைக்கிறதுக்கு டெல்லி வரைக்கும் போகணுமா” என்று வீட்டில் கேட்கிறார்கள். என் குழுவில் ஒரு பிள்ளை ஒத்திகையில் எல்லோருடைய வசனத்தையும் சொல்வாள், மேடையில் ஏறினால் வாயே திறக்க மாட்டாள். அவளையே பேச வைக்கத் தெரியாத நான் பெரிய பெரிய ஆட்களுக்கு நடுவில் போய் என்ன செய்யப்போகிறேன்?

பதில்: தங்கச்சி, போங்கள். போய் வருகிற நாட்களுக்குச் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, போங்கள்.

வீட்டில் கேட்பவர்களுக்குச் சொல்ல உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1977இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளி உங்களுக்கு நாலு எட்டில் இருக்கிற காந்திகிராமத்துக்கு வந்து நாடகப் பட்டறை நடத்தியது, நாடக இயக்குநர் சே. ராமானுஜம் முன்னால் நின்று நடத்தினார். அங்கே பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் மு. ராமசாமி, பிறகு மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியவர். இன்றைக்குத் தமிழில் நவீன நாடகம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படி எங்கேயோ போய்ப் பார்த்து, கற்று, திரும்பி வந்து ஊரில் வேலை செய்தவர்களால் வந்ததுதான். அப்போது டெல்லி உங்கள் பக்கம் வந்தது, இப்போது நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்கள், அவ்வளவுதான்.

மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள். மணிப்பூரின் நாடக இயக்குநர் கன்ஹைலால் 1975இல் ‘பெபெட்’ என்று ஒரு நாடகம் செய்தார். அடுப்படியில் பாட்டி சொல்கிற கதைதான்: ஒரு தாய்க் குருவி, அதன் குஞ்சுகள், அவற்றைத் தின்னக் காத்திருக்கிற ஒரு பூனை. குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கிற வரைக்கும் தாய் அந்தப் பூனையைப் புகழ்ந்து புகழ்ந்தே ஏமாற்றுகிறது. பேச்சு மிகக் குறைவு, உடம்பும் குரலும்தான் எல்லாம். மணிப்பூரி ஒரு சொல்கூடத் தெரியாத ஊர்களில் அதை உட்கார்ந்து பார்த்தார்கள். சிறுவர் நாடகம் செய்கிற நீங்கள் மொழி தெரியாது என்று கூசலாமா?

என் முதல் டெல்லிப் பயணத்தில் நான் பண்ணின தப்பைச் சொல்கிறேன். முதல் நாள் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசினவர்கள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன், ராத்திரி எடுத்துப் பார்த்தால் எனக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை. காரணம், எனக்கு என்ன வேண்டும் என்று நானே யோசித்து வரவில்லை. அந்த ராத்திரிதான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: பிள்ளைகளுக்கு நான் செய்கிற காகிதக்கூழ் முகமூடி வியர்வையில் ஊறிப்போகிறது, உள்ளிருந்து பேசினால் குரலும் கேட்கவில்லை, என்ன செய்வது? மறுநாள் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் அசாம் மாஜுலித் தீவிலிருந்து வந்த ஒரு முகமூடிக் கலைஞர் உட்கார்ந்திருந்தார். என் கேள்வியைக் கையால்தான் கேட்டேன். அவர் மடியிலிருந்த முகமூடியைத் திருப்பி உள்பக்கம் காட்டினார்: மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிய கூடு, அதன் மேல் களிமண்ணில் தோய்த்த துணி, அதற்கு மேல் சாணியும் மண்ணும் பூசிய பூச்சு. தாடை தனியாக இருந்தது, கயிற்றில் கட்டியிருந்தார். போட்டுக்கொண்டு பேசினால் தாடையும் சேர்ந்து ஆடுகிறது, குரல் அந்த வழியாக வெளியே வருகிறது. கையில் வாங்கிப் பார்த்தேன், பார்வைக்கு இருந்த கனத்தில் பாதிகூட இல்லை. ஊருக்கு வந்ததும் கூடை முடைகிற அம்மாவிடம் போய்தான் முதலில் நின்றேன்.

அதனால் எல்லா அமர்விலும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். டீக்கடையில் நில்லுங்கள், ஆட்டம் முடிந்ததும் சாமான் கட்டுகிற ஆட்களிடம் போய் ஒரு கை பிடியுங்கள், அப்போதுதான் தொழில் பேசுவார்கள். தேசிய நாடகப் பள்ளியில் 1989இல் தொடங்கின சன்ஸ்கார் ரங் டோலி என்று ஒரு பிரிவு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளோடு நாடகம் செய்வதுதான் அவர்கள் வேலை. அங்கிருந்து யாராவது மாநாட்டுக்கு வந்தால் விடாதீர்கள். மேடையில் வாய் திறக்காத அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டிய கேள்வி அவள்தான். அவளைப் போல ஒரு பிள்ளை ஒவ்வொருவர் குழுவிலும் இருக்கும், இதைக் கேட்டதும் அந்தப் பெரிய ஆட்களும் உங்களோடு சமமாக உட்கார்ந்து பேசுவார்கள் பாருங்கள்.

அப்புறம் பயணம். திண்டுக்கல்லிலேயே திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறலாம், நிஜாமுதீனில் இறங்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஜனவரியில் வடக்கே பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். குளிரை நம் ஊர் மார்கழி மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஸ்வெட்டர், காலுறை, மூடின செருப்பு மூன்றும் கட்டாயம். மெட்ரோவில் மண்டி ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் நாடகப் பள்ளி, கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், ரவீந்திர பவன் எல்லாமே நடக்கிற தூரம்தான். மூன்றாவது நாள் சோற்றுக்கு நாக்கு ஏங்கும், அசோகா ரோட்டில் ஆந்திரா பவன் சாப்பாடு இருக்கிறது, மத்தியானம் சீக்கிரமே போய்விடுங்கள், கூட்டம் அள்ளும்.

உங்கள் நாடகத்தின் புகைப்படம் நாலைந்து, பிள்ளைகள் செய்த ஏதாவது ஒரு பொருள், கிரீடமோ வாலோ எதுவானாலும் சரி, பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு வராத இடத்தில் அதை எடுத்துக் காட்டலாம். என்ன கொடுத்து அனுப்பலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், அவளே எடுத்துக் கொடுக்கட்டும்.