பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கி, வீட்டிலேயே வேலை பார்த்து, ஏற்காடு ஏற்ற முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் வரிசையில் வேண்டாம். மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறீர்கள். வாங்கியதும் முதலில் இன்ஜின், பிறகு பெரிய டயர், கடைசியாக பிரேக்கும் மற்றதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மலைக்குப் போகப்போகிற வண்டிக்கு இதை அப்படியே தலைகீழாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பதும் 540 தான். 2,112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், சித்தப்பாவின் காபித் தோட்டம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அதனால் தார் ரோடு, தோட்டத்து மண் ரோடு இரண்டிலும் இந்த வண்டி ஓடுகிறது. பெரும்பாலான வேலையை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுகிறேன்.

சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். ஆளும் சாமானுமாக ஒன்றரை டன் வண்டி அந்த 1,200 மீட்டரை இறங்கும்போது வெளியாகிற சக்தியைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 5 யூனிட் கரண்ட் வருகிறது. இன்ஜின் பிடித்துக்கொள்ளாத பங்கு முழுக்க பிரேக் டிரம்மில் சூடாகத்தான் இறங்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஏற்காட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரம் கேட்கும் குறைந்த அளவே 140 டிகிரிதான். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரை வரை போகும். எனவே வாங்கியதும் பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புதிது ஊற்றி, குழாயில் மாட்டியிருக்கும் காற்றையும் வெளியேற்றுங்கள், ஏர் எடுப்பது என்பார்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். பெடலை மிதிக்க ஒரு ஆள், சக்கரத்துக்குப் பின்னால் ஏர் எடுக்க இருக்கும் நிப்பிளில் மாட்ட உள்ளே தெரிகிற டியூப், ஒரு பாட்டில், இவ்வளவுதான் தேவை. டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், ஊதிப்போகும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். டிரம்மில் உரசுகிற பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம்மைக் கழற்றும்போது பின்சக்கர லைனிங் கறுத்து மினுமினுப்பாக, தொட்டால் பிசுபிசு என்று இருந்தால் ஆக்ஸில் ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். எல்லோரும் சீலை மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் மறுபடி கசியும். "சீல் கம்பெனி சரியில்லை" என்பார்கள். ஆக்ஸிலின் மேலே சுண்டுவிரல் தடிமனில் ஒரு மூச்சுக்குழாய் இருக்கும், பிரீதர் என்பார்கள். மண் ரோட்டில் ஓடுகிற வண்டியில் அது சேறு காய்ந்து அடைத்துப்போயிருக்கும். மலை ஏறும்போது ஆக்ஸில் சூடாகி உள்ளே காற்று விரியும், போக வழியில்லாமல் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். இன்னொன்றும் நடக்கும். சூடான ஆக்ஸிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே சட்டென்று குளிர்ந்து, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியலின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வருவது இப்படித்தான். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்த மேஸ்திரி சொன்னது: "தம்பி, சீலை அப்புறம் மாத்திக்கலாம். மொதல்ல அது மூச்சு விடுதான்னு பாரு." பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதினால் தீர்ந்தது. பிறகு சீலை மாற்றுங்கள், ஆயில் நனைந்த லைனிங்கையும் சேர்த்து.

ஆயில் மாற்றுவதில் ஒரே ஒரு விதி. முதலில் ஆயில் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் வடிக்கிற போல்ட்டைத் தொடுங்கள். வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கடையில் "90 நம்பர் கியர் ஆயில்" என்று மட்டும் கேட்காதீர்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5, கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று தரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ஜிஎல்-5 ஆயிலில் சிலவற்றில் இருக்கும் கந்தகக் கலவை கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும். கியர் பாக்ஸில் அளவு குறைந்து, அதை ஒட்டி முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், நடுவில் இருக்கும் சீல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி ஃபோர் வீல். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, ஃபோர் வீல் போட்டு ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தாரில் டயர் வழுக்கிக்கொடுக்காது, அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டிலும், அதன் மூட்டான கிராஸிலும் முறுக்காக ஏறும். நான்கு டயரும் ஒரே அளவில் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். பின்னால் மட்டும் பெரிய டயர் போடுகிறவர்களுக்கு என்ன சொல்ல! அதற்காக ஃபோர் வீலைப் போடாமலே வைத்திருந்தாலும் கெடும். லீவர் இறுகிக்கொள்ளும், முன் ஆக்ஸிலில் ஆயில் மேலேறாமல் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

ஜாக்கி விஷயத்தை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கைப்பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு சின்ன டிரம்மாக, ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று குனிந்து பாருங்கள். அந்த வகையில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தரையிலிருக்கும் மற்ற சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகச் சுதந்திரமாகிவிடும். கைப்பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும். கியரில் நிறுத்தினாலும் இதே கதைதான்; ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால் அதைவிட மோசம், எந்தச் சக்கரத்தையும் கியர் பிடிக்காது. முன்சக்கரம் இரண்டுக்கும் கல் கொடுக்காமல், ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் படுக்காதீர்கள். மலையில் சரிவில் வேலை என்றால் நான் அடியில் போவதே இல்லை.

முன்சக்கரத்தைத் தூக்கியதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், அல்லது சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங்பின். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் கம்பியின் மூட்டான டை ராட் எண்டில் தேய்மானம் தெரிந்துவிடும். பேரிங்குக்கு கிரீஸ் நீங்களே வைக்கலாம். கிங்பின்னுக்கு ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து இறுக்கம் பார்ப்பதைக் கை பழகியவரிடம் விடுங்கள். பட்டை செட்டுக்கும் (ஸ்பிரிங் பட்டைகள்) கடைசல் வேலைக்கும் கவலையில்லை, லாரி ஊர் இது.

இன்ஜினில் நீங்கள் தொட வேண்டியது கொஞ்சம்தான். டிசம்பர் காலையில் ஏற்காட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், குளிரில் இன்ஜின் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஒயரைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக பிளக் முனையைத் தொடுங்கள், எரியாவிட்டால் அந்த பிளக் போய்விட்டது. இன்ஜின் அதிகம் சூடாகிறது என்று, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்வார்கள். கேட்காதீர்கள், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். டீசல் பம்ப்பும், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலும் பம்ப் கடைக்குத்தான்.

வண்டி இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் ஒன்று. இந்த ஜீப்புகளில் இன்ஜின் மாற்றியது நிறைய. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அப்போது இன்ஜின் நம்பர் ஒத்துவராவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் வேலை நகராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீங்களே படித்துப் பாருங்கள். போட்டோவில் காட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.