கடைக்கால் குழியில் ஊறும் தண்ணீர் துளைக் குழாய் புதைத்தால் இறங்குமா?

கேள்வி இது: திருவான்மியூர் பக்கம் மனை. அடித்தள கார் பார்க்கிங்குக்காக 12 அடி தோண்ட வேண்டும். 7 அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மோட்டார் ஓடியும் கரை சரிந்துகொண்டே இருக்கிறது. சுற்றிலும் துளைக் குழாய் (பக்கமெல்லாம் ஓட்டை போட்ட குழாய்) புதைத்தால் நீர்மட்டம் இறங்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

சரிதான். ஆனால் குழாயை எப்போது, எந்த ஆழத்தில் புதைப்பதாகச் சொன்னார்? அதைக் கேட்காமல் குழாய் வாங்கப் போகாதீர்கள். கத்தாரில் கழிவுநீர்க் குழாய் வேலையிலும், பிறகு சென்னையில் அடித்தள வேலைகளிலும் டீவாட்டரிங் (நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தை இறக்கும் வேலை) பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மோட்டாரைப் பாருங்கள். வெளியே விழும் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் விரல் கனத்துக்கு மணல் தங்கியிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மணல் உங்கள் குழியிலிருந்து மட்டும் வரவில்லை, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்தும் வருகிறது. குழிக்குள் வந்துவிட்ட தண்ணீரை இறைப்பது ஒரு வேலை. தண்ணீர் குழிக்குள் வராதபடி சுற்றியுள்ள மட்டத்தையே முன்கூட்டி இறக்குவது வேறு வேலை. உங்கள் தளத்தில் இப்போது நடப்பது முதலாவது. கடற்கரை மணலில் அதை நம்பித் தோண்டினால் அடிமண் கொதிப்பதுபோல் பொங்கும், கரை உட்காரும்.

உங்கள் கணக்கில் 12 அடிக் குழிக்கு நீர்மட்டம் 14 அடிக்காவது போக வேண்டும். குழியின் அடிமட்டத்தை மட்டும் தொட்டால் போதாது. அரை மீட்டருக்குக் குறையாமல் கீழே இருந்தால்தான் ஆள் நின்று பிசிசி (கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்) போட முடியும்.

இனி குழாய். வளைகுடா நாடுகளிலும் நெதர்லாந்திலும் இதற்கென்றே ராட்சத டிரெஞ்சர் (வாய்க்கால் வெட்டும்) இயந்திரம் வைத்திருப்பார்கள். செயின் ரம்பம் மரத்தை அறுப்பதுபோல் அது ஓர் அடி அகலம்கூட இல்லாத கீற்றாக மண்ணை வெட்டிக்கொண்டே நகரும். 80 முதல் 100 மி.மீ. விட்டமுள்ள, உடம்பெல்லாம் துளையிட்டு, மேலே வடிதுணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல்) உறை போட்ட நெளிகுழாய் சுருளிலிருந்து அவிழ்ந்து அந்தக் கீற்றின் அடியில் போய்ப் படுக்கும். பின்னாலேயே மண் மூடிக்கொள்ளும். பள்ளத்தில் ஒரு ஆள்கூட இறங்க வேண்டியதில்லை. சுமார் 100 மீட்டருக்கு ஒரு துண்டு. அதன் துளையில்லாத முனையை மேலே கொண்டுவந்து பம்பில் பூட்டி, சில நாட்கள் ஓடவிட்டு, மட்டம் இறங்கிய பிறகே தோண்டுவார்கள். நீளமான பைப்லைன் வேலைக்கு இதைவிட வசதியான முறையை நான் பார்த்ததில்லை.

உங்கள் மனைக்குள் அந்த இயந்திரம் திரும்பவே இடம் இருக்காது. ஜேசிபியால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மணலில் வாய்க்கால் எடுக்க முடியாது, எடுக்க எடுக்க மூடிக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் குழியைச் சுற்றி 1 முதல் 2 மீட்டர் இடைவெளியில் வெல்பாயின்ட் (நுனியில் வடிகட்டி வைத்த மெல்லிய உறிஞ்சு குழாய்) இறக்கி, எல்லாவற்றையும் பம்புக்குப் போகும் பொதுக் குழாயான ஹெடர் பைப்பில் இணைத்து மட்டத்தைக் கீழே கொண்டுவாருங்கள். உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் ஐந்தாறு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரைத் தூக்காது. உங்களுக்கு அந்த எல்லைக்குள்தான் வருகிறது. குழி 12 அடியை எட்டியதும், அடிமட்டத்தின் ஓரமாக ஒன்றரை அடி வாய்க்கால் எடுத்து, வடிதுணி விரித்து, ஜல்லி போட்டு, அதில் துளைக் குழாயைப் படுக்க வைத்து, துணியை மேலே மடித்து மூடுங்கள். 100 அடிக்கு அரை அடி வாட்டம் கொடுத்து மூலையில் உள்ள சம்ப்பில் (தண்ணீர் சேர்த்து இறைக்கும் சிறு குழி) விடுங்கள். மேஸ்திரி சொல்லும் குழாய்க்கு இடம் இதுதான். மிச்சமாகக் கசிவதை இது பிடித்துக்கொள்ளும், வெல்பாயின்டின் வேலையை இது செய்யாது.

சாதா பிவிசி குழாயை வாங்கி டிரில்லால் ஓட்டை போட்டு, பச்சை நிழல்வலையைச் சுற்றிவிடுவார்கள். அந்த வலைக் கண்ணில் உங்கள் ஊர் மணல் தாராளமாக நுழையும். ஜியோடெக்ஸ்டைல் துணிக்கு ஆகும் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள். திருப்பங்களில் குச்சி விட்டுத் தூர் எடுக்க ஒரு நிமிர்ந்த குழாயும் வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் மணலுக்கு. வேளச்சேரிப் பக்கம் சதுப்புக் களிமண்ணில் மனை வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டுக் குழாய் புதைத்தால் பணம்தான் போகும். மணலில் நீர் நகரும் வேகத்தில் களிமண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் அடியில் உள்ள மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் பாரம் கூடுதலாக ஏறும். இறுகிய மணல் தாங்கிக்கொள்ளும். நடுவில் களிமண் படுகை இருந்தால் அமுங்கும், பக்கத்து வீட்டில் விரிசல் வரும். ஆம்ஸ்டர்டாமில் மரத் தூண்கள் மேல் நிற்கும் பழைய வீடுகளுக்கு இன்னொரு தொல்லை: தண்ணீர் இறங்கித் தூணின் தலை காற்றில் பட்டால் உளுத்துப்போகும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, பதிலுக்கு உப்பு இருக்கிறது. கடலோரத்தில் அதிக நாள் இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறி, தெருக் கிணறுகள் கரிக்கத் தொடங்கும். வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டு, இருக்கிற விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். இறைக்கும் தண்ணீரைக் கான்கிரீட்டுக்கு எடுப்பதானால் குளோரைடு (கம்பியை அரிக்கும் உப்பு) சோதனை கட்டாயம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி.தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 அனுமதிக்கும் எல்லை.

எல்லாரும் பம்பை எப்போது போடுவது என்று கேட்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்று கேட்பவர் குறைவு. ராஃப்ட் (குழியின் அடி முழுக்கப் போடும் அடித்தளப் பலகை) கான்கிரீட் முடிந்ததும் டீசல் செலவைப் பார்த்து ‘போதும் சார்’ என்பார் ஒப்பந்தக்காரர். கணக்கு இதோ. ஒன்றரை அடி ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 டன். நீர்மட்டம் பழையபடி 7 அடிக்கு ஏறினால் அடியிலிருந்து தள்ளும் விசை 1.5 டன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைக்குக் கீழே 2 அடி வரை ஏறிவந்தால் 3 டன். வெறும் ராஃப்ட் மிதக்கும், இல்லையென்றால் வெடிக்கும். சுவரும் தளமும் ஏறி, மழைக்கால மட்டத்துக்கும் எடை போதும் என்று ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் எழுத்தில் கொடுக்கும் வரை பம்ப் ஓட வேண்டும். மாற்று பம்பும் ஜெனரேட்டரும் தளத்திலேயே நிற்க வேண்டும். மின்சாரம் போனபின் வாடகைக்குத் தேடினால் வந்து சேர்வதற்குள் குழி நிரம்பிவிடும்.

நிறுத்தும் நாளில் சம்ப் இருந்த ஓட்டையை மறந்துவிடாதீர்கள். ராஃப்ட் போடும்போதே அங்கே, ஓரமாகத் தண்ணீர் கசியாதபடி கழுத்துப் பட்டை வைத்த இரும்புக் குழாயைப் பதித்துவையுங்கள். கடைசியில் புதைத்த குழாய்களுக்குள் சிமென்ட் குழம்பு செலுத்தி நிரப்பி, அந்த இரும்பு வாயைச் சுருங்காத கான்கிரீட்டால் அடைத்து, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.